பின்சீட்டில் பாதி

ஷீராஸ்காரன் மத்தியானத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட ஊரில் டைல்ஸ் கடை கியூமர்ஸ், பழைய நிசான் பேட்ரோல் வண்டியில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான், பாமீர் மலை, மங்கோலியா என்று தாண்டித் தாண்டி ஆசியாவின் கடைசிக் கரையான விளாடிவாஸ்டாக் வரைக்கும் போகப்போவதாக அறிவித்தபோது தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். கியூமர்ஸின் பெரியம்மா மகன் ஜஹான்பக்ஷ்.

ஜஹான்பக்ஷ் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆமு தர்யா எங்கே பிறக்கிறது, கோபிப் பாலைவனத்தில் எந்த மாதம் காற்று திரும்பும் என்றெல்லாம் காலமெல்லாம் பையன்களின் மண்டையில் ஏற்றியவர், ஈரானின் எல்லையை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. வாலிபத்தில் யுத்தம் வந்தது. அப்புறம் அம்மா படுத்த படுக்கையானாள். அப்புறம் மனைவி. இருவரையும் அனுப்பிவைத்து நிமிர்ந்தபோது, போகாமலிருப்பதே அவருக்குப் பழகிப்போயிருந்தது.

நம் ஊரில் யாராவது தூரப்பயணம் கிளம்பினால், வண்டி நகர்ந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரை அதன் பின்னால் வீசி ஊற்றுவோம். போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. ஜஹான்பக்ஷ் ஊற்றாத தண்ணீர் இல்லை. யுத்தத்துக்குப் போன மாணவர்களுக்கு ஊற்றியிருக்கிறார், கனடாவுக்குப் போன மச்சினிக்கு ஊற்றியிருக்கிறார், மெக்காவுக்குப் போன வீட்டுக்காரருக்கும் ஊற்றியிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் யாரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அறுபது தாண்டிய அந்த மனிதர் செத்துப்போவதற்குள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கியூமர்ஸ் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. முட்டைக்கோஸ் போட்ட கலம் பொலோ, தயிர், புதினா. கியூமர்ஸ், அவன் மனைவி மஹ்லகா, பக்கத்து வீட்டு இன்ஜினியர் செபெஹ்ரி, நம் வாத்தியார். செபெஹ்ரி முன்னால் கியூமர்ஸுக்கு எப்போதும் நெஞ்சு இரண்டு விரல் கூடுதலாக விரியும்.

"அண்ணே, நீங்க இல்லாம இந்தப் பயணமா? நீங்களும் வர்றீங்க, பேச்சு முடிஞ்சது," என்றான், தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டே.

இதற்குப் பெயர் தாரோஃப். வாய் உபசாரம். நம் ஊரில் டாக்ஸிக்காரன்கூட "இருக்கட்டும் சார், உங்ககிட்ட வாங்குறதா?" என்பான். அதை நம்பி இறங்கி நடந்தால் சட்டையைப் பிடிப்பான். ஒருவர் மூன்று முறை கூப்பிடவேண்டும், மற்றவர் மூன்று முறை மறுக்கவேண்டும், அதற்கப்புறம் இருவரும் மானம் மரியாதை குறையாமல் டீ குடிக்கவேண்டும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது.

"நான் எதுக்குப்பா நடுவுல கரடி மாதிரி? நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா போயிட்டு வாங்க," என்றார் ஜஹான்பக்ஷ்.

"என்ன பேசுறீங்க? உங்க இடம் எங்க கண்ணு மேல."

"உன் அன்பே போதும் தம்பி. நான் வந்தா உனக்குச் சுமை."

மூன்றாவது முறைக்கு மஹ்லகாவே வந்தாள். "அத்தான், நீங்க வரலைன்னா நான் வண்டியிலயே ஏறமாட்டேன், சொல்லிட்டேன்."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்மா. என் முட்டி ஒத்துழைக்காது."

முடிந்தது. டீ வரவேண்டிய நேரம். ஆனால் செபெஹ்ரி சும்மா இருக்காமல், "பாத்தீங்களா, சொந்தம்னா இப்படி இருக்கணும். எங்க வீட்லயும் இருக்கானுங்களே!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அந்தப் பாராட்டு கியூமர்ஸின் தலைக்கு ஏறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மார்பில் கையை வைத்தான்.

"எங்கம்மா கல்லறை மேல ஆணையா சொல்றேண்ணே, நீங்க வந்தே ஆகணும். பின்சீட்டுல பாதியை உங்களுக்குன்னே விட்டுடறேன்."

நான்காவது முறை.

ஜஹான்பக்ஷ் தட்டைப் பார்த்தார். கியூமர்ஸ் மனதார அழைக்கவில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஷீராஸில் பிறந்து ஷீராஸில் நரைத்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா? அவர் செய்தது அறியாமல் செய்த தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கடையில் ஆள் அந்தண்டை திரும்பியதும் பழத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டே, அதைத்தான் அவர் செய்தார்.

"இவ்வளவு தூரம் வற்புறுத்தும்போது மறுத்தா மரியாதைக் குறைவு," என்றார். "வர்றேன்."

மஹ்லகாவின் கையிலிருந்த மோர்க் கிளாஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. செபெஹ்ரி அவசரமாகப் புதினாக் கட்டை ஆராயத் தொடங்கினார். கியூமர்ஸின் சிரிப்பு மட்டும், இறங்க வழி தெரியாமல், முகத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம்ணே," என்றான் கடைசியில்.

அன்று ஜஹான்பக்ஷ் கிளம்பிப்போன பிறகு அந்த வீட்டில் கியூமர்ஸ் என்ன பாடுபட்டிருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கும் தெரியும். வீட்டுக்கு நடந்துபோகும்போது வெட்கத்தில் அவர் காது சுட்டது. ஆனால் கால்கள் என்னவோ வேகமாகத்தான் நடந்தன.

கூப்பிட்டவனால் "வேண்டாம்" என்று சொல்லமுடியாது. அம்மா கல்லறைமேல் ஆணையிட்டவனால் சுத்தமாக முடியாது. வந்தவர் தானாகப் பின்வாங்கினால்தான் உண்டு. அந்த வேலையை மஹ்லகா எடுத்துக்கொண்டாள்.

"பாமீர் உச்சியில மூச்சே வாங்கமுடியாதாம் அத்தான். போன வருஷம் ஒரு இத்தாலிக்காரர் உக்காந்த இடத்துலயே போயிட்டாராம். உங்க வயசுதான்."

"அவசரமா ஏறியிருப்பாரு. நாம மெதுவா ஏறுவோம்."

"மங்கோலியாவுல கக்கூஸே கிடையாதாமே."

"அவ்வளவு பெரிய புல்வெளியே இருக்கேம்மா."

"நீங்க குறட்டை விடுவீங்கன்னு இவரு சொன்னாரு."

"நீங்க ரெண்டு பேரும் வண்டி மேல கட்டுற கூடாரத்துல, நான் கீழ வண்டிக்குள்ள. உங்க குறட்டைதான் எனக்குக் கேக்கும்."

ஒருநாள் ஒத்திகை என்று அர்ஜன் சமவெளி வரைக்கும் ஓட்டிப்போனார்கள். பின்சீட்டில் அவர் மடிமேல் ஒரு தண்ணீர்க் கேன், காலடியில் இன்னொன்று, தோள்மேல் மடக்கு நாற்காலி. மஹ்லகா வேண்டுமென்றே அடுக்கினாள். ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் முட்டியில் ஆணி இறங்கியது. திரும்பி வந்து இறங்கும்போது நிற்க முடியாமல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, "அருமையான வண்டி," என்றார்.

இதுவரைக்கும் கேட்டால் பாவப்பட்ட கிழவர் என்றுதான் நினைப்பீர்கள். அவசரப்படாதீர்கள். களவாடிய இடத்தில் ஒடுங்கி உட்காரத் தெரியவில்லை அவருக்கு. காலை நீட்டினார்.

பயண ஏற்பாடு முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது உண்மைதான். வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோகும் கார்னே பத்திரத்துக்கு அலைந்தார். பஸ்ஸில் மஷ்ஹதுக்குப் போய் துர்க்மெனிஸ்தான் விசாவுக்கு வரிசையில் நின்றார், கிடைக்காமல் திரும்பி வந்தார், மறுபடி போனார். ரஷ்ய மொழி படித்தார். எந்த ஊரில் டீசல் கிடைக்கும், எந்தக் கணவாயில் பனி எப்போது இறங்கும் என்று எல்லாம் விரல்நுனியில் இருந்தது. அதோடு விட்டாரா? சமர்கந்தில் நாலு நாள் தங்கி பஜாரில் துணி எடுக்க மஹ்லகா ஆசைப்பட்டாள். ஒருநாள் போதும் என்று வெட்டினார். சோறு வடிக்கும் மின்சாரப் பானை கூடாது என்றார், கனம். கியூமர்ஸின் ஹுக்கா கூடவே கூடாது.

"அண்ணே, இது பள்ளிக்கூடத்து சுற்றுலா இல்லண்ணே," என்றான் கியூமர்ஸ், பாதி சிரிப்பாக.

"அதைவிட மோசம். பையன்களாவது சொன்னா கேப்பானுங்க."

மஹ்லகா அன்றிலிருந்து பாமீர், கக்கூஸ், குறட்டை எதைப்பற்றியும் பேசவில்லை. அவருக்கு டீ ஊற்றும்போது பக்கத்தில் இரண்டு கற்கண்டு கூடுதலாக வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார் ஜஹான்பக்ஷ். வாத்தியார்களுக்கு வகுப்பு அமைதியானால் பாடம் புரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு.

பட்டறையில் பேட்ரோலின் பின்சீட்டை இரண்டாக அறுத்தார்கள். ஒரு பாதியைக் கழற்றி, அந்த இடத்தில் குளிர்பெட்டியும் மெத்தைகளும் சாமான் பெட்டியும் பொருத்தியாகிவிட்டது. டிரைவருக்குப் பின்னாலிருந்த மறு பாதி அவருக்கு. அதற்குக் கரும்பச்சையில் துணி தேர்ந்தெடுத்து, உள்ளே பஞ்சு கூட்டி, முட்டிக்குத் தோதாக உயர்த்தித் தைக்கச் சொன்னவர் அவரே. வண்டி கியூமர்ஸ் வீட்டு முற்றத்தில் நாரத்தை மரங்களுக்கு அடியில் நிற்கும். யாரும் இல்லாத நேரத்தில் வந்து கதவைத் திறந்து அந்தப் பாதியில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடிக்கு வெளியே தெரிவது காம்பவுண்டுச் சுவர்தான். அதையே அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரங்களில் அவரைப் பார்த்திருந்தால், களவு எல்லாம் மறந்து, இந்த மனிதருக்கு அந்தச் சீட்டைக் கொடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மஹ்லகா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்து வசந்தம் வந்தது. கிளம்ப ஏற்பாடாகியிருந்த வாரம் நெருங்கியது. கஸெரூன் வாசல் பக்கம் அவர் குடியிருந்த இரண்டு மாடி அறைகளை, வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று கேட்டபோது, தயங்காமல் காலி செய்து கொடுத்தார். ஆறேழு மாதம் ஊரில் இல்லாதவனுக்கு அறை எதற்கு? வந்து வேறு பார்த்துக்கொள்ளலாம். கனாரிக் குருவியைக் கூண்டோடு ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுத்தார். மூட்டை முடிச்சுகளைக் கியூமர்ஸ் வீட்டு நிலவறையில் இறக்கினார்.

"அறையை விட்டுட்டேன்மா. இனிமே நான் வண்டிக்குச் சொந்தம்," என்றார் மஹ்லகாவிடம், சின்னப்பையன் சிரிப்போடு.

"நல்லதாப் போச்சு அத்தான்," என்றாள் அவள். அந்தச் சமயத்தில் அவள் மனதில் எல்லாம் முடிவாகியிருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறையையாவது அவர் காப்பாற்றிக்கொண்டிருப்பார். சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரி என்பதைத் தவிர அவளைப்பற்றி எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மறுபடியும் மத்தியானச் சாப்பாடு. மறுபடியும் கலம் பொலோ. மறுபடியும் செபெஹ்ரி. கூடுதலாக ஒருவன் வந்திருந்தான், மஹ்லகாவின் தம்பி ஃபரிபோர்ஸ். பல் டாக்டர். ஒருகாலத்தில் ஜஹான்பக்ஷின் மாணவன். கேஸ்பியன் கடலை ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் வரைந்து வகுப்புக்கு வெளியே நின்றவன். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"உக்காருப்பா, உக்காரு. டாக்டராயிட்டே, இன்னும் என்ன பயம்?" என்றார் அவர், குளிர்ந்துபோய்.

பாதிச் சாப்பாட்டில் மஹ்லகா நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தான். கொஞ்ச நாளா படபடன்னு வருது. வைத்தியம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு. இவன் கிளினிக்கை மூடிட்டு வர்றேங்கிறான். நான்தான் அடக்கி வச்சிருக்கேன். 'டேய், அது ஜஹான் அத்தானோட சீட்டு. அதைப்பத்தி மூச்சு விட்டே, நாக்கை அறுத்துடுவேன்'ன்னு."

"விட்டேனாக்கா நான்?" என்றான் ஃபரிபோர்ஸ், சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

"விடல. அதுக்குத்தான் சொல்றேன்."

அப்புறம் கரண்டிகள் தட்டில் படும் சத்தம் மட்டும். கியூமர்ஸ் மென்றான். செபெஹ்ரி மென்றார். நோயாளியான பெண் ஒருத்தி, அவளுக்கு உதவக்கூடிய தம்பி, இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தான். அந்த மௌனம் யாருக்காகக் காத்திருந்தது என்று ஜஹான்பக்ஷுக்குத் தெரிந்தது. சும்மா இருக்கமுடியாது. சும்மா இருந்தால் மிருகம் என்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முறை இருக்கிறது. மூன்று முறை கொடுப்பேன், மூன்று முறை மறுப்பான். என் கையில் பிரம்படி வாங்கிய பையன். நான்காவது முறை வாயைத் திறக்கமாட்டேன். அவ்வளவுதான்.

"எனக்கென்னம்மா, உன் உடம்பு முக்கியம். டாக்டர் வரட்டும், நான் இருந்துக்கறேன்," என்றார்.

ஃபரிபோர்ஸ் பதறிப்போய் முட்டி போட்டு எழுந்தான். "சார்! உங்க இடத்துல நான் உக்கார்றதா? என் கால் அழுகிடும் சார்."

ஜஹான்பக்ஷின் நெஞ்சு லேசானது. வளர்த்த வளர்ப்பு வீண்போகவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீ போ. உங்கக்காவுக்கு நிம்மதி."

"இல்லவே இல்ல சார். இந்தப் பேச்சை விடுங்க. நீங்க பாக்காத ஊரை நான் பாத்து என்ன செய்யப்போறேன்?"

இரண்டு. இத்தோடு நிறுத்தலாம். நிறுத்தினால் செபெஹ்ரி நாளைக்கே தெருவில் சொல்வார், வாத்தியார் இரண்டோடு நிறுத்திவிட்டார் என்று. ஷீராஸில் இரண்டோடு நிறுத்துகிறவன் கஞ்சன், அல்லது பயந்தவன். ஜஹான்பக்ஷ் தண்ணீர் குடித்தார். மஹ்லகா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியூமர்ஸ் மெல்வதை நிறுத்தியிருந்தான். ஒரு கணம் வேண்டாம் என்று உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது. ஆனால் அறுபது வருஷப் பழக்கம் அந்த நாக்குக்கு. அது அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான் மனசாரத்தான் சொல்றேன் ஃபரிபோர்ஸ். அந்த சீட்டு உன்னுது."

ஃபரிபோர்ஸ் தலை நிமிர்ந்தான். முதல்தடவையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தான்.

"இவ்வளவு தூரம் வற்புறுத்தும்போது மறுத்தா மரியாதைக் குறைவு சார்," என்றான். "வர்றேன்."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அன்றைய சாப்பாட்டுக்கு ஃபரிபோர்ஸ் வந்திருக்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்து, இவன் மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். வகுப்பில் ஒருநாளும் பாடத்தை ஒழுங்காக ஒப்பிக்காத பையன் இன்றைக்குப் பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டான்.

ஜஹான்பக்ஷுக்கு எல்லாம் புரிந்தது. கலம் பொலோ ஏன், செபெஹ்ரி ஏன், இரண்டு கற்கண்டு ஏன். 'நான் ஒப்புக்குத்தானேடா சொன்னேன்' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் மஹ்லகா என்ன கேட்பாள் என்பதும் கூடவே வந்தது. 'நாங்களும் அப்படித்தானே சொன்னோம் அத்தான்?' சாட்சிக்கு இன்ஜினியர் உட்கார்ந்திருக்கிறார். வார்த்தையைச் சோற்றோடு விழுங்கினார்.

"அப்ப விசா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது.

"அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க அத்தான். எதுக்கும் இருக்கட்டும்னு இவனுக்கும் எடுத்து வச்சிருக்கோம்," என்றாள் மஹ்லகா. நெஞ்சைத் தடவுவதை அவள் நிறுத்தியிருந்தாள்.

அவர் கியூமர்ஸைப் பார்த்தார். இவன் பிறந்தபோது முதலில் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கியூமர்ஸ் தட்டில் ஒரு முட்டைக்கோஸ் துண்டை இப்படியும் அப்படியும் புரட்டினான்.

"அண்ணனோட மனசு யாருக்கு வரும்," என்றான் அந்தத் துண்டைப் பார்த்து.

"பாத்தீங்களா, சொந்தம்னா இப்படி இருக்கணும்," என்றார் செபெஹ்ரி.

டீ வந்தது. ஃபரிபோர்ஸ் கற்கண்டைக் கடித்துக்கொண்டே, "சார், மங்கோலியா ரஷ்யாவுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டான்.

"கீழ," என்றார் ஜஹான்பக்ஷ். அதோடு விட்டிருக்கலாம். எந்தப் பக்கமாக நுழைந்து எந்தப் பக்கமாக வெளியேறவேண்டும், எந்த ஆற்றை மழைக்கு முன்னால் தாண்டவேண்டும் என்று டீ ஆறும்வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். கேட்டால் சொல்லாமலிருக்க அவருக்குத் தெரியாது. நினைத்தால் எனக்கே அவர்மேல் எரிச்சல் வருகிறது.

போக்கிடம் ஒன்றும் இல்லாததால் அவர் அங்கேயே நிலவறையில் தன் மூட்டைகளுக்கு நடுவில் தங்கிக்கொண்டார். கிளம்பும் நாள் காலையில் மஹ்லகா சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தாள்.

"இது உங்க வீடு அத்தான். நாங்க வர்ற வரைக்கும் ராஜா மாதிரி இருங்க. ஜெரானியத்துக்குத் தினமும் தண்ணி ஊத்தணும், இல்லைன்னா கருகிடும். முன்னறையைப் பூட்டியிருக்கேன், அங்கே நல்ல கம்பளம் கிடக்கு. மேல்மாடியும் பூட்டித்தான் இருக்கு, தூசி வரும்னு. சமையலுக்கு நிலவறையிலயே ஒரு அடுப்பு இருக்கு."

"சரிம்மா."

நாரத்தைப் பூ உதிரும் காலம். முற்றமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, வாசனை மூக்கை அடைத்தது. கியூமர்ஸ், மஹ்லகா, ஃபரிபோர்ஸ் மூவரும் குர்ஆனை முத்தமிட்டு அதன் அடியில் குனிந்து போனார்கள். அதை உயர்த்திப் பிடித்தவர் ஜஹான்பக்ஷ்தான். வீட்டுக்குப் பெரியவர் அவர்தானே. முட்டிக்காக உயர்த்தித் தைத்த கரும்பச்சைச் சீட்டில் ஃபரிபோர்ஸ் ஏறி உட்கார்ந்தான். ஆட்டிப் பார்த்தான்.

"உயரம் கொஞ்சம் ஜாஸ்தி சார். காலு தொங்குது," என்றான்.

கியூமர்ஸ் அவரைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தான். அழுதான்கூட. உண்மையான கண்ணீர்தான். நம் ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் கைவசம் உண்டு.

"போற இடமெல்லாம் உங்க இடம் காலியாத்தான் இருக்கும்ணே."

"போயிட்டு வா," என்றார் ஜஹான்பக்ஷ்.

மஹ்லகா நாரத்தை இலை மிதக்கும் செம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் நடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றாமல் ஊர் எல்லை தாண்ட அவளுக்குப் பயம். ஒருமுறை ஊற்ற மறந்து, அவள் அப்பா யஸ்த் போகும் ரோட்டில் விபத்தில் போய்ச்சேர்ந்தவர்.

"உங்க கையால ஊத்துங்க அத்தான். உங்க கை ராசியான கை. நல்லா வீசி ஊத்தணும்."

"நீ ஏறு."

பேட்ரோல் உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது. தெருவில் திரும்பியது. செபெஹ்ரி தன் வீட்டு வாசலில் நின்று கையாட்டினார். மஹ்லகா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள், தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள.

ஜஹான்பக்ஷ் தெரு நடுவில் வந்து நின்றார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். நேராக அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்துக் குடித்தார்.

அவசரமில்லாமல் குடித்தார். இலைகளை உதட்டால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார். வண்டியின் பின்விளக்கு ஒருமுறை சிவந்தது. மஹ்லகா ஏதோ கத்துவது கேட்டது. ஆனால் பக்கத்துச் சந்திலிருந்து அதன் பின்னால் புகுந்த குப்பை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, பேட்ரோல் நிற்க வழியில்லாமல் முக்குத் திரும்பிவிட்டது. அண்ணாந்து கடைசிச் சொட்டையும் வாய்க்குள் விட்டுக்கொண்டார். தரையில் ஒரு துளி விழவில்லை.

"வாத்தியாரே!" செபெஹ்ரியின் முகம் வெளிறியிருந்தது. "என்ன பண்ணிட்டீங்க? அது அவங்க வழித் தண்ணி!"

ஜஹான்பக்ஷ் புறங்கையால் வாயைத் துடைத்தார். உதட்டில் ஒட்டியிருந்த இலையை எடுத்துக் கீழே போட்டார்.

"தாகமா இருந்துச்சு," என்றார். உள்ளே போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். ஜெரானியத் தொட்டிகளைத் திரும்பியும் பார்க்காமல், நிலவறைக்கு இறங்கினார்.